மாற்றிய சிறுநீரகம் தடுமாறும்போது

கிட்னி மாற்றி மூன்று மாதமான ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.6-க்கு ஏறியிருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரும் வழக்கம்போலப் போகிறது. “நல்லாத்தானே இருக்காரு, அடுத்த வாரம் போய்க்கலாமுங்க” என்று வீட்டில் பேச்சு வரும். கணக்கு வேறு சொல்கிறது. கிரியாட்டினின் என்பது தசைகளிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வடிகட்டுகிறது. வடிகட்டும் திறன் பாதியானால் ரத்தத்தில் அது இரு மடங்காகும். 1.1 என்பது 1.6 ஆனால் வடிகட்டும் திறனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வழக்கமான அளவைவிட 25 சதவீதம் கூடினாலே அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும்.

வலி தெரியாததற்குக் காரணம் உண்டு. சிறுநீரகத்தை எடுக்கும்போதே அதன் நரம்புகள் வெட்டுப்படுகின்றன. அடிவயிற்றில் பொருத்திய பிறகு உள்ளே வீக்கம் வந்தாலும் பெரும்பாலும் உணர்வு இருக்காது. ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலையும் அமுக்கிவிடும். அதனால் 100.4 டிகிரி தொட்டாலே இவர்களுக்கு அது பெரிய காய்ச்சல்தான்.

இப்படித் திறன் குறைய ஒரு முக்கியக் காரணம், மாற்றிய சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுப்பது, அதாவது நிராகரிப்பு. ஏன் உடல் மறுக்கிறது? நம் செல்களின் மேல் எச்எல்ஏ என்ற புரதங்கள் உள்ளன. அவற்றுக்கான மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் தொகுப்பாக இருந்து, அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு என்று வருகின்றன. ஆகவே தாயின் சிறுநீரகம் மகனுக்குப் பாதிதான் பொருந்தும். மறு பாதி அவனுடைய டி-செல்களுக்கு, அதாவது அந்நியத்தை எதிர்க்கும் வெள்ளை அணுக்களுக்கு, அந்நியம். உடன்பிறந்தவர் என்றால் முழுதும் பொருந்த 25 சதவீதம், பாதி பொருந்த 50, எதுவுமே பொருந்தாமலிருக்க 25 சதவீதம் வாய்ப்பு. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே மாதிரி இரட்டையருக்கு இடையே நடந்தது. அங்கே மறுப்பதற்கு அந்நியமே இல்லை. குழந்தை பெற்ற பெண்ணின் உடலில் கணவனின் எச்எல்ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏற்கெனவே உருவாகியிருக்கலாம். கணவன் மனைவிக்குத் தர முன்வரும்போது, அப்படிப்பட்ட ஆன்டிபாடிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனையை மருத்துவர்கள் அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பது அதனால்தான்.

இதை வீட்டில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பது நல்லது. நிராகரிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் சிறுநீரகம் கொடுத்த அம்மா, “என்ற கிட்னி சேரலையாட்ட இருக்குது” என்று தன்னையே நொந்துகொள்கிறார். அவர் கொடுத்த உறுப்பில் குறை எதுவும் இல்லை. நோயாளியின் எதிர்ப்பாற்றல் தன் வேலையைச் செய்கிறது. மருந்தால் அதை அடக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மருந்துகளில் முதன்மையானது டேக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கண்டெடுத்தது. இதன் பாதுகாப்பான அளவு மிகக் குறுகியது. முதல் சில மாதங்களில் பெரும்பாலான மருத்துவர்கள் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 8 முதல் 12 நானோகிராம் வரை வைப்பார்கள், பிறகு 5 முதல் 8 வரை. குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் கை நடுக்கம், சர்க்கரை, பொட்டாசியம் உயர்வு, அதே சிறுநீரகத்துக்கே சேதம்.

டேக்ரோலிமஸின் அளவை, அதாவது லெவலைப் பார்க்கும் ரத்தம், முந்தைய இரவு மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடும் முன் எடுக்க வேண்டியது. தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ கோவைக்குப் பஸ்ஸில் வருபவர் காலை 7 மணிக்கு மாத்திரை போடும் வழக்கம் வைத்திருந்தால் சோதனை நாளில் எல்லாம் குழம்பிவிடும். மருத்துவரைக் கேட்டு 9-9 அல்லது 10-10 என்று மாற்றிக்கொள்வது வசதி. அன்று மாத்திரையும் டிபனும் பையில் வரட்டும். ரத்தம் கொடுத்ததும் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து டிபன். தவறிப்போய் முதலிலேயே போட்டுவிட்டால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் லெவல் கூடுதலாகக் காட்டும், மருத்துவர் மருந்தைக் குறைப்பார், நிராகரிப்புக்கு வழி திறந்துவிடும்.

வயிற்றுப்போக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். மருந்தெல்லாம் வெளியே போய்விட்டது என்று நினைத்து ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். நடப்பது நேர்மாறு. குடல் சுவரிலிருக்கும் நொதிகளும் புரதங்களும் வழக்கமாக டேக்ரோலிமஸின் பெரும்பகுதியை உள்ளே விடாமல் தடுக்கின்றன. குடல் புண்ணாகும்போது அந்தத் தடுப்பு போய் அளவு எகிறும். கூடவே உடலில் நீர் வற்றும். இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தை ஒரே நாளில் அடிக்கும். மூன்று முறைக்கு மேல் போனால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அழைத்துப் போங்கள். பழைய சோறு, பச்சைச் சட்னி, காய்ச்சாத தண்ணீர் ஆகியவற்றை முதல் ஆறு மாதம் தள்ளி வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும் ஆபத்து. கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் ஆகியவை டேக்ரோலிமஸை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அடியோடு இறக்கிவிடும். பம்ப்ளிமாஸ் பழமும் ஏற்றும். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி சிறுநீரகத்தை நேரடியாகக் கெடுக்கும். பொள்ளாச்சிப் பக்கம் யார் வந்தாலும் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். பொட்டாசியம் நிறைந்தது, ரத்தத்தில் அதன் அளவு பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே குடிக்கலாம்.

கிரியாட்டினின் ஏற்றத்துக்கு நிராகரிப்பு மட்டும் காரணமல்ல. நீர் வற்றல், சிறுநீர்த் தொற்று, குழாய் அடைப்பு, எதிர்ப்பாற்றல் குறையும்போது சிறுநீரகத்தில் பெருகும் பிகே வைரஸ் எல்லாம் இருக்கலாம். நிராகரிப்பு என்றால் எதிர்ப்பாற்றலை இன்னும் அடக்க வேண்டும். பிகே வைரஸ் என்றால் அடக்குவதைத் தளர்த்த வேண்டும். இரண்டுக்கும் மருத்துவம் எதிரெதிர் என்பதால்தான் பயாப்சி கேட்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடி, தோலுக்கு அருகிலேயே இருக்கும் சிறுநீரகத்திலிருந்து நூல் போன்ற துண்டுகளை எடுப்பார்கள். பிறகு சுமார் 6 மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். சிறுநீர் லேசாகச் சிவந்து வரலாம். கட்டி கட்டியாக வந்தாலோ நின்றுபோனாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நிராகரிப்பு உறுதியானால் பெரும்பாலும் மீதைல்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மூன்று நாள் சிரை வழியே ஏறும். சர்க்கரை தாறுமாறாகக் கூடும், தூக்கம் போகும், சாந்தமானவர்கூட எரிந்து விழுவார். அது மருந்தின் பேச்சு என்று மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முன்பே சொல்லிவைத்தால் பாதி மனக்காயம் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் டி-செல்களை அழிக்கும் ஏடிஜி என்ற மருந்து. ஆன்டிபாடிகளால் வந்தது என்றால், அவை கலந்திருக்கும் ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றம். செலவு கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதில் எது அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒரு நோட்டு போதும். தினமும் காலை எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல், மாத்திரை போட்ட நேரம். சோதனை நாளில் கிரியாட்டினினும் டேக்ரோ லெவலும். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். மாத்திரை தவறியிருந்தால் அதையும் எழுதுங்கள், திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார்.

ஒரம்பரை (உறவினர்கள்) வருவதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். சளி இருமல் உள்ளவர் வாசலோடு நிற்கட்டும், “டாக்டர் சொல்லியிருக்காருங்க மாமா” என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். உதவ நினைப்பவர்கள் நோயாளியின் கட்டில் பக்கம் உட்கார்வதைவிடப் பண்ணயத்தைப் பார்த்துக்கொள்வது பெரிய உபகாரம். மாட்டுக் கட்டுத்தரை கூட்டுவது, பூஞ்சை பிடித்த சோளத்தட்டுப் போரைப் பிரிப்பது, கோழிப் பண்ணை, தென்னை நார்த் தூள் குவியல் பக்கம் போவது ஆகியவை நோயாளிக்கு ஆகாது. பூஞ்சை வித்துகள் நுரையீரலில் நேராகப் போய்த் தங்கும். வீட்டுக் குழந்தைக்கு, உயிருள்ள வைரஸ் கொண்ட போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போடலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

எவ்வளவு செய்தும் சில சிறுநீரகங்கள் நின்றுபோகும். அப்போதும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. டயாலிசிஸுக்குத் திரும்பினாலும் எப்படிக் குறைப்பது என்பது மருத்துவர் கையில். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா கையில் இன்னும் ஓடினால் அதில் ரத்தமும் எடுக்க விடாதீர்கள், பிரஷரும் பார்க்க விடாதீர்கள். இந்த அலைச்சலில் சிறுநீரகம் கொடுத்தவரின் ஆண்டுப் பரிசோதனை மறந்துபோவதுண்டு. நோயாளிக்கு ரத்தம் எடுக்கும் ஒரு நாளில் அவருக்கும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்து, அதே நோட்டில் தனிப் பக்கம் போட்டு எழுதிவையுங்கள்.