பேடே லோன்: ‘சம்பள முன்பணம்’ என்று எழுதாதீர்கள்

அமெரிக்காவில் பேடே லோன் என்று ஒரு கடன் உண்டு. அதைத் தமிழில் எழுத வரும்போது சிலர் ‘சம்பள முன்பணம்’ என்கிறார்கள், சிலர் ஒரே போடாக ‘கந்துவட்டி’ என்கிறார்கள். முதலாவது அப்பட்டமான தவறு, அதுவும் கடன் வாங்குகிறவனை ஏமாற்றும் தவறு. இரண்டாவது கோபத்தில் வந்த சொல். கோபம் நியாயம்தான், சொல் சரியில்லை.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். அடுத்த சம்பளம் வந்ததும் மொத்தமாகத் திருப்பித் தருகிறேன் என்று வாங்கும் சின்னக் கடன். பெரும்பாலும் 500 டாலருக்குள், இரண்டு வாரக் கெடு, ஏனென்றால் அங்கே நிறைய பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். கடையில் வாங்கினால் பின்தேதியிட்ட காசோலை எழுதிக் கொடுக்க வேண்டும். இணையத்தில் வாங்கினால் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்க வேண்டும். நூறு டாலருக்கு 15 டாலர் கட்டணம் என்பது அங்கே சாதாரணம். பதினைந்துதானே என்று தோன்றும். இரண்டு வாரத்துக்குப் பதினைந்து என்றால் ஆண்டுக்குச் சுமார் 391 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முப்பது வட்டிக்கும் மேலே. பத்து வட்டிக்கே வாயைப் பிளப்பவர்கள் நாம்.

சொல் வரலாறு பெரிதாக இல்லை. ‘பே’ என்பதற்கு வேர் லத்தீனில், சமாதானப்படுத்துவது என்று பொருள், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து ஆளை அமைதியாக்குவது. ‘பேடே’ சம்பளம் கைக்கு வரும் நாள். அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தில் இந்தப் பெயர் எல்லா இடத்திலும் இருக்காது என்பதுதான் சுவாரசியம். கலிபோர்னியா சட்டத்தில் இதன் பெயர் காசோலையை இப்போது போடாமல் பிறகு போடும் பரிவர்த்தனை என்ற அர்த்தத்தில் இருக்கிறது, புளோரிடாவிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆக, சட்டம் காசோலையைப் பார்த்துப் பெயர் வைத்தது, ஜனங்கள் நாளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், கடன் கொடுக்கும் கடைக்காரர்கள் மட்டும் பலகையில் ‘அட்வான்ஸ்’ என்று எழுதிக்கொண்டார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த மூன்றில் எதைப் பிடித்தார்கள் பாருங்கள், கடைக்காரர் பலகையை!

முன்பணம் என்றால் தமிழில் என்ன? எனக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்குவது. முதலாளியிடம் போய் அட்வான்ஸ் கேட்கிறோம், மாசக் கடைசியில் பிடித்துக்கொள்கிறார், வட்டி கிடையாது, பணமும் ஒரு வகையில் நம்முடையதுதான். பேடே லோனில் முதலாளிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. யாரோ மூன்றாம் ஆள் பணம் தருகிறார், கட்டணம் போடுகிறார், கெடு நாளில் கணக்கில் கை வைக்கிறார். இது சுத்தமான கடன். இதற்கு முன்பணம் என்று பெயர் வைத்தால் படிக்கிறவனுக்கு ‘கடன்’ என்ற எச்சரிக்கையே போய்விடுகிறது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேலை செய்து சம்பாதித்துவிட்ட, ஆனால் இன்னும் கைக்கு வராத சம்பளத்தைச் சம்பள நாளுக்கு முன்பே எடுக்க உதவும் ஆப்கள் இப்போது அங்கே நிறைய வந்துவிட்டன. ‘சம்பள முன்பணம்’ என்ற பெயருக்குக் கொஞ்சமாவது பொருத்தம் அதற்குத்தான். அந்தச் சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன வைப்பது? ‘கைமாற்று’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கைமாற்றுக்கு வட்டி கேட்டால் நட்பே போய்விடும், அது தெரியாதவர் மொழிபெயர்க்க வந்திருக்கிறார்.

சரி, கந்துவட்டிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் போட்டுத் தடுத்த விஷயம் அது. மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அந்தச் சட்டத்திலேயே பெயரோடு இருக்கின்றன. ஆகவே கந்துவட்டி என்று சொன்னதும் நமக்கு ‘சட்டவிரோதம்’ என்பதும் கூடவே வந்துவிடும். அமெரிக்காவில் அப்படிச் சொல்ல முடியாது, மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. நியூயார்க்கில் உரிமம் இல்லாதவர் 16 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, 25-ஐத் தாண்டினால் குற்றவியல் வழக்கு, எனவே அங்கே இந்தத் தொழிலே கிடையாது. ஜார்ஜியா 2004-இல் இதைக் குற்றமாக்கியது. ஆர்கன்சாவில் 17 சதவீத உச்சவரம்பு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கொலராடோவில் 2018-லும் நெப்ராஸ்காவில் 2020-லும் மக்களே வாக்களித்து 36 சதவீத உச்சவரம்பைக் கொண்டுவந்தார்கள். ஆனால் யூட்டாவில் உச்சவரம்பே இல்லை. டெக்சாஸில் கடைக்காரர் ‘நான் கடன் கொடுக்கவில்லை, கடன் ஏற்பாடு செய்து தருகிறேன்’ என்று பதிவு செய்துகொண்டு ஏற்பாட்டுக் கட்டணமாக எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். கலிபோர்னியாவில் காசோலை 300 டாலரைத் தாண்டக் கூடாது, அதில் 45 கட்டணம் போக 255 கைக்கு வரும். டெக்சாஸின் டாலஸ் நகரில் இருக்கும் தமிழருக்கு ‘இது கந்துவட்டி, சட்டவிரோதம், கட்ட வேண்டாம்’ என்று நினைக்க வைக்கும் சொல்லை எழுதினால் மாட்டிக்கொள்வது அவர்தான். நியூயார்க்கில் இருப்பவருக்கோ அந்தக் கடன் சட்டப்படி செல்லாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே சொல்லில் திட்டிவிட்டுப் போனால் இந்த வித்தியாசம் எங்கே போகும்?

என் வாக்கு ‘சம்பளநாள் கடன்’ என்பதற்கு. நாள்தான் இதன் உயிர், கடன் என்பதும் மறையவில்லை. இலக்கணம் பார்ப்பவர்கள் ‘சம்பளநாட்கடன்’ என்று புணர்த்தி எழுதச் சொல்வார்கள். விதி சரிதான், ஆனால் ‘நாட்கடன்’ என்று கேட்டதும் காலைக்கடன்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு வேண்டாம். ‘ஊதியநாள் கடன்’ என்று எழுதினாலும் சண்டை இல்லை, தூய தமிழ் ஆர்வலர்கள் எழுதிக்கொள்ளட்டும், ‘நாள்’ மட்டும் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைச் சுற்றியுள்ள சொற்கள் இன்னும் மோசம். ‘ஆண்டு சதவீத விகிதம்’ என்று ஒன்றைப் பார்க்கிறேன், சதவீதத்துக்குள்ளேயே வீதம் இருக்கிறதே ஐயா! ‘கட்டணம் சேர்த்த ஆண்டு வட்டி’ என்றால் எல்லாருக்கும் புரியும். கெடு நாளில் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு அசலைத் தள்ளிப்போடுவதை ‘உருட்டல்’ என்கிறார்கள். ‘கெடு நீட்டிப்பு’ என்று எழுத என்ன கஷ்டம்?

எல்லாவற்றுக்கும் மேல் ‘பழங்குடியினர் கடன்’. அமெரிக்கப் பூர்வகுடி இனங்களுக்குத் தன்னாட்சி உண்டு, அதனால் மாநிலச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிக்கொண்டு அந்த இனங்களின் பெயரில் இணையத்தில் நடத்தப்படும் கடன் நிறுவனங்கள் பற்றிய பேச்சு அது. நம் ஊரில் பழங்குடியினர் கடன் என்றால் தாட்கோ மாதிரி அரசு கொடுக்கும் உதவிக் கடன்! அர்த்தம் தலைகீழ். ‘பூர்வகுடிப் பெயரில் நடக்கும் கடன் நிறுவனம்’ என்று நீட்டியே எழுதுங்கள், ஏனென்றால் பல சமயம் பெயர் மட்டும்தான் அவர்களுடையது. ஸ்காட் டக்கர் என்ற கார் பந்தயக்காரர் அப்படித்தான் நடத்தினார், 2018-இல் அவருக்குப் பதினாறு ஆண்டு எட்டு மாதம் சிறை கிடைத்தது.

கடைசியாக ஒரு சொல், இது தப்பாக இருந்தால் நேரடியாகப் பணம் போகும். கணக்கிலிருந்து எடுக்கக் கொடுத்த அனுமதியை ‘ரத்து’ செய்வது வேறு, ஒரு குறிப்பிட்ட முறை பணம் எடுப்பதை மட்டும் ‘நிறுத்திவைக்க’ வங்கியிடம் சொல்வது வேறு. முதலாவதைக் கடன் கொடுத்தவருக்கும் வங்கிக்கும் எழுதித் தர வேண்டும். இரண்டாவதைப் பணம் எடுக்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பே வங்கியிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் ‘கடன் ரத்து’ என்று மொழிபெயர்த்ததையும் பார்த்துவிட்டேன். இரண்டில் எதைச் செய்தாலும் வாங்கிய கடன் அப்படியேதான் இருக்கும்.