பியானோவுக்கு அடியில் அமிழாத செலோ

ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகானஸ் பிராம்ஸ், வயலின் குடும்பத்துப் பெரிய வில்லிசைக் கருவியான செலோவுக்கும் பியானோவுக்குமாக 1862-இல் எழுதத் தொடங்கி 1865-இல் முடித்த இ மைனர் சொனாட்டா, செலோவின் மிகத் தடித்த தந்தியில், வினாடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகள் கொண்ட ஆழ்ந்த சுரத்தில் தொடங்குகிறது. பியானோவின் சுரக்கொத்துகள் அதற்கு மேலே தட்டுத் தள்ளி மெல்ல விழுகின்றன. கேட்பதற்கு எளிமையான இந்தச் சில வரிகளே கற்பவரை நெடுநாள் நிறுத்திவைக்கின்றன. விரல் வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. தடையாக நிற்பது ஒலியின் இயற்பியல்.

செலோவின் உடல் வலுவாக ஒத்ததிரத் தொடங்குவது வினாடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகளில்தான். ஆகவே 82 என்னும் அடிப்படை அதிர்வு அரங்கத்துக்குள் மெலிந்தே செல்கிறது. 165, 247, 330 என மேலே அடுக்கிவரும் மேற்சுரங்களைக் கொண்டுதான் நம் செவி அந்தச் சுரத்தை உணர்கிறது. ஆனால் உட்செவியில் தாழ்ந்த ஒலியின் அலை, உயர்ந்த ஒலிகளுக்குரிய இடங்களைக் கடந்தே தன் இடத்தை அடைகிறது என்பதால், பியானோவின் இடக்கை அழுத்தமாக வாசித்தால் செலோவுக்கு அடையாளம் தரும் அந்த மேற்சுரங்களே முதலில் மறைந்துபோகின்றன.

இதற்கு விடை வில்லில் இருக்கிறது. பிராம்ஸ் இந்தச் சொனாட்டாவை எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, 1863-இல், ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வில்பட்ட தந்தி எப்படி அசைகிறது என்பதை விளக்கினார். ஒரே ஒரு கூர்முனை தந்தியின் நெடுகிலும் ஓடித் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தந்தி வில்முடியோடு ஒட்டி நகர்ந்து, ஒருமுறை வழுக்கி விடுபடுகிறது. அந்த முனை கூர்மையாக இருக்கும் அளவுக்கு மேற்சுரங்கள் பெருகும். வில்லைக் குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டுக்கு, அருகே கொண்டுசென்று எடையைக் கூட்டினால் முனை கூர்மையாகும். இதிலும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பொறியாளரும் செலோ வாசிப்பவருமான ஜான் ஷெல்லெங் 1973-இல் காட்டினார். அழுத்தம் குறைந்தால் ஒலி மேலோட்டமாகச் சீறும், மிகுந்தால் கரகரக்கும். குதிரையை நெருங்க நெருங்க இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளி சுருங்குகிறது. ஒரே நீண்ட வில்லை மீண்டும் மீண்டும் மெதுவாக இழுத்துப் பழகுபவர் தேடுவது இந்தக் குறுகிய வெளியைத்தான். அலுப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் இதற்கு ஈடான குறுக்குவழி எதையும் நான் அறியேன்.

சுருதியிலும் ஒரு நுட்பம் உண்டு. செலோவின் தந்திகள் ச–ப உறவில், அதாவது 3:2 என்ற விகிதத்தில் சேர்க்கப்படுகின்றன. பியானோவிலோ, பன்னிரண்டு அரைச்சுரங்களும் சமமாக அமைய வேண்டி, ஒவ்வொரு பஞ்சமமும் இம்மியளவு குறுக்கப்பட்டிருக்கிறது. மேல்தந்தியிலிருந்து மூன்று பஞ்சமங்கள் தூய்மையாக இறங்கினால், அடித்தந்தி பியானோவைவிட அரைச்சுரத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு தாழ்ந்துவிடும். தந்தியின் நீளத்தில் இது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பியானோ இறங்கிவராது. ஆகவே பியானோவோடு வாசிக்கும்போது தம் பஞ்சமங்களைச் சற்றே நெருக்கிச் சேர்க்கும் செலோ கலைஞர்கள் பலர்.

சொனாட்டாவின் இறுதிப் பகுதியில் வருவது ஃபியூக், அதாவது ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வாசிக்கும் வடிவம். அதில் பியானோவின் இரு கைகளும் இரண்டு குரல்களாகவும் செலோ இன்னொரு குரலாகவும் ஓடுகின்றன. அங்கே வில்லால் மட்டும் சமநிலை கிடைக்காது. பியானோ கலைஞரும் சுரங்களை நீட்டி ஒலிக்கவைக்கும் கால்மிதியைக் குறைத்து, இடக்கையை இலேசாக்கி, செலோ நுழையும் இடங்களைத் திறந்துவைக்க வேண்டும்.