மாங்கூழ் ஆலைக்குப் பருவநிலை மாற்றம் எப்படித் தெரிகிறது?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கமுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கு முக்கியமான வேலைக்காலம் கோடையை ஒட்டிய சில வாரங்கள்தான். ஜூன், ஜூலையில் தோத்தாபுரி ரக மாம்பழம் வந்து குவியும். பெங்களூரா என்றும் சொல்வார்கள். அதைக் கூழாக்கி, சூடேற்றிக் குளிர்வித்து, கிருமி நீக்கிய பைகளில் அடைத்து, 215 கிலோ டிரம்களாக அடுக்கிவிட்டால் வருடம் முழுக்க விற்கலாம். கொதிகலன், ஆட்கள், வங்கிக் கடன் எல்லாமே அந்தச் சில வார வரத்தை நம்பித்தான் நிற்கின்றன. ஆனால் வரத்தின் தலையெழுத்து பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி இரவுகளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

மாமரத்தின் முதிர்ந்த இலைகள் குளிரை உணர்கின்றன. இரவு வெப்பம் 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிச் சில வாரங்கள் நீடித்தால், இலையில் ஒரு புரதம் உருவாகி, உணவு கடத்தும் திசு வழியாக நுனி மொட்டுக்குப் போகிறது. அந்தச் சமிக்ஞை கிடைத்த மொட்டு பூங்கொத்தாக விரிகிறது. இரவு வெதுவெதுப்பாக இருந்து, மண்ணில் ஈரமும் இருந்தால், அதே மொட்டு தளிராகிவிடும். மரம் பச்சைப்பசேலென்று இருக்கும்; காய் இருக்காது. பூத்த பிறகு மழை பெய்தால் மகரந்தம் வீணாகும், பூவில் நோய் பரவும். அதையும் தாண்டினால் மார்ச், ஏப்ரல் வெயில் காத்திருக்கிறது. வேர் தரும் தண்ணீர் போதாதபோது மரம் பிஞ்சை உதிர்த்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதனால்தான் வறட்சியில் இங்குள்ள விவசாயிகள் டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்கி மரத்துக்கு ஊற்றுகிறார்கள்.

'உலக சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது' என்று சொன்னால் ஆலை நடத்துபவருக்கு அதில் பிடிமானம் இல்லை. வரத்து எத்தனை டன், பழத்தில் இனிப்பு எவ்வளவு, டன் என்ன விலை என்பதுதான் அவர் பார்ப்பது. இங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது. பல மா ரகங்கள் இயல்பாகவே ஒரு வருடம் அதிகமாகவும் மறு வருடம் குறைவாகவும் காய்க்கும். மெதுவாக நடக்கும் மாற்றம் இந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துகொள்கிறது. ஒரு நல்ல வருடம் வந்தால் மூன்று மோசமான வருடங்கள் மறந்துபோகின்றன. சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? தினசரி வரத்து, இனிப்பு அளவு, முதல் லோடு வந்த தேதி ஆகியவற்றை இருபது வருடத்துக்கு வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பழைய பில் கட்டுகளிலேயே இதில் பெரும்பகுதி கிடைக்கும். பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆலைகள் இந்தப் பதிவுகளை அங்கே கொடுத்து, வானிலைப் பதிவோடு ஒப்பிடச் சொல்லலாம் என்பது என் விருப்பம்.

மழை விஷயம் வேறு மாதிரி. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்மாவட்டங்களுக்குள் வந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும் வாய்ப்பு கூடுகிறது.

'ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்றதும் நம் காலத்தில் வராது என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வருடமும் 2 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 15 வருடக் கடனில் கட்டிய ஒரு கிடங்கு, கடன் தீருவதற்குள் அந்த வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். அதே வெள்ளம் இருபது வருடத்துக்கு ஒருமுறை என்று மாறிவிட்டால் 54 சதவீதம். தரையை இரண்டு அடி உயர்த்தும் செலவை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்; போன வருடம் வெள்ளம் வந்ததா என்பதோடு அல்ல.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஓசூர் பட்டறைகளுக்கு வானிலை மட்டும் கவலை இல்லை; பருவநிலை மாற்றத்தைக் குறைக்க வரும் சந்தை மாற்றங்களும் விதிகளும் கவலைதான். எஞ்சின் உதிரிபாகம் செய்பவருக்கு மின்வாகனம் ஒரு மாற்றம். ஐரோப்பாவுக்குப் போகும் எஃகு, அலுமினியப் பொருட்களுக்கு 2026 முதல் கார்பன் கட்டணம், அதாவது அவற்றைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்கான கட்டணம், இன்னொன்று. பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு தருபவர்களிடமும் மின்சார, டீசல் கணக்குக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

இந்த மாற்றத்துக்குக் கூழ் ஆலைகள் தயாராகும் வழிகள் சாதாரணமானவை. கொய்யா, பப்பாளி, தக்காளியையும் அதே இயந்திரத்தில் ஓட்டுவது, கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது, பக்கத்து மாநிலத்திலிருந்து பழம் வாங்குவது, நல்ல வருடத்துக் கூழை அடுத்த வருடத்துக்கு இருப்பு வைப்பது. இவற்றில் கடைசி இரண்டும் ஆலையைக் காக்கும், தோட்டத்தைக் காக்காது. கிடங்கு நிறைந்திருக்கும் வருடத்தில் ஆலை குறைவாக வாங்கும். சந்தையில் விலை விழும். 2025 பருவத்தில் தோத்தாபுரி விலை சரிந்து விவசாயிகள் போராட்டத்துக்கு வந்ததை மாவட்டமே பார்த்தது. நட்டத்தில் இருப்பவர் மரத்துக்கு டேங்கர் தண்ணீர் ஊற்ற மாட்டார், வெட்டிவிட்டு வேறு பயிருக்குப் போவார். ஆகவே மாற்றத்துக்குத் தயாராக ஆலை செய்யும் செலவில் மானாவாரித் தோப்புக்கு ஒரு பண்ணைக்குட்டை, சொட்டுநீர், முன்கூட்டியே பேசிய குறைந்தபட்ச விலை ஆகியவையும் சேர வேண்டும்.