வலையில் வந்த புதுச் சீலாவை இனங்காண்பது எப்படி?

பாம்பன், மண்டபம், கீழக்கரைக் கடற்பகுதிகளில் செவுள் வலையில் படும் சீலா மீன்களுக்கு நடுவே, எப்போதாவது, பட்டையும் தெளிவாக இல்லாமல் புள்ளியும் முழுமையாக இல்லாமல் ஒரு மீன் வந்து சேருவதுண்டு. நகரச் சந்தைக்குப் போனால் இவை பெரும்பாலும் வஞ்சிரம் என்ற ஒரே பெயரில்தான் விலைபோகின்றன. ஆயினும் நம் கடலில் சீலா ஓர் இனமன்று. உடலின் குறுக்கே நெளிந்த பட்டைகள் கொண்டது ஒன்று. வரிசையாக வட்டப் புள்ளிகள் கொண்டது இன்னொன்று. கிடைமட்டமாகத் துண்டு துண்டான கோடுகள் கொண்டது மற்றொன்று. எனவே அந்தப் புதிய மீன் எது என்று அறிய முயல்வது வீண் வேலையாகாது.

முதலில் கண்ணில் படுவது நிறந்தான். அதையே கடைசியாக நம்ப வேண்டும். மீனின் தோலில் உள்ள நிறமிச் செல்கள் இறப்பிற்குப் பின் மாறத் தொடங்குவதால், பனிக்கட்டியில் கிடந்த மீனின் கோலமும் உயிருள்ள மீனின் கோலமும் ஒன்றாக இருப்பதில்லை. வயதும் குழப்பும்: வளர்ந்த பட்டைச் சீலாவில் 40, 50 பட்டைகள் வரை இருக்க, சுமார் 45 செ.மீ. வரையுள்ள இளமீனில் அவை 20க்கும் குறைவாகவே இருக்கும்.

நிறத்தைவிட உறுதியான சான்று பக்கக்கோடு. நீரின் அசைவை உணரும் நுண்ணிய உணர்வுறுப்புகள் அமைந்த இக்கோடு, பட்டைச் சீலாவில் இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்திற்குக் கீழே சட்டென்று வளைந்து இறங்குகிறது. மற்ற இரண்டிலும் அது படிப்படியாகத்தான் தாழ்கிறது. புள்ளிச் சீலாவில் மட்டும் அதன் முன்பகுதியிலிருந்து மெல்லிய கிளைகள் பல பிரிகின்றன. கண்ணால் பார்த்தே அறியக்கூடிய இந்த அடையாளத்தைக் கரையிலேயே சரிபார்த்துவிடலாம்.

அடுத்து எண்ணிக்கை. செவுள் வளைவின் உட்புறத்தில் சீப்புப் பற்களைப்போல் நிற்கும் செவுள் முட்கள், பட்டைச் சீலாவின் முதல் வளைவில் 8ஐத் தாண்டுவதில்லை. புள்ளிச் சீலாவில் 8 முதல் 14 வரை உள்ளன. செவுள் முள் ஒன்றுகூட இல்லாமல், நீண்ட மூக்கும் முதல் முதுகுத் துடுப்பில் 23 முதல் 27 வரை முட்களும் இருந்தால், அது சீலாவே அன்று. அதன் உறவான வாஹு. முதுகெலும்பைக் கோத்து நிற்கும் முள்ளெலும்புகளோ பட்டைச் சீலாவில் 42 முதல் 46, புள்ளிச் சீலாவில் 47 முதல் 52. மீன் மிக இளம் பருவத்தில் இருக்கும்போதே இந்த எண்ணிக்கை நிலைத்துவிடுகிறது. அப்பருவத்து நீரின் வெப்பநிலை அதைச் சற்றே மாற்றக்கூடும் என்பதாலும் ஒரே எண்ணாக இல்லாமல் ஒரு வீச்சாகக் கொடுக்கிறார்கள்.

கோட்டுச் சீலாவின் முள்ளெலும்புகள் 46 அளவில், அதாவது அவ்விரு வீச்சுகளும் சந்திக்கும் இடத்தில் நிற்கின்றன. இத்தகைய இடைப்பட்ட பண்புகளைக் கண்டு, அது மற்ற இரண்டின் இயற்கைக் கலப்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதியதுண்டு; ஆயினும் வகைப்பாட்டில் அது தனி இனமாகவே இடம்பெற்றுள்ளது. வட அமெரிக்க ஆறுகளில் வானவில் டிரவுட்டும் தாடைக்கடியில் செங்கீற்றுடைய கட்த்ரோட் டிரவுட்டும் கலந்து ஈனும் மீன்கள், அங்கே தூண்டில்காரர்களை இதே போன்ற ஐயத்தில் ஆழ்த்துகின்றன.

இங்கேதான் மரபணு உதவுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2003இல் முன்மொழியப்பட்ட டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டு முறை, செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்து இனத்தைச் சொல்கிறது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவதால், கலப்பு மீனைச் சோதித்தால் தாயின் இனப்பெயரே விடையாகக் கிடைக்கும். தந்தையைக் கண்டறிய உட்கரு மரபணுக்களையும் படித்தாக வேண்டும். ஆகவே ஐயத்திற்குரிய மீனை வெட்டுமுன் அளவுகோலோடு படமெடுத்து, பிடித்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, செவுளோடு முழுமையாகப் பனிக்கட்டியில் வைத்து மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திடம் காட்டுவது நல்லது. முழு மீனையும் கொடுக்க இயலாவிட்டால், துடுப்பின் ஒரு சிறு துண்டைத் தூய எத்தனாலில் இட்டு வைத்தாலும் மரபணுச் சோதனைக்குப் போதுமானது.