மேனேஜர் என்ற பெயரும் ஓவர்டைம் உரிமையும்

"மாதச் சம்பளக்காரருக்கு ஏது ஓவர்டைம்?" என்று நிர்வாகம் கேட்பதில் வியப்பில்லை, தொழிலாளர் வழக்குகளை நடத்தும் என்னிடம், உரிமையைக் கோர வேண்டிய ஊழியரே அதைக் கேட்பதுதான் வருத்தம். சம்பளம் மாதக் கணக்கில் வருவது பட்டுவாடா முறை மட்டுமே. அதனால் வேலை நேரத்தின் வரம்பு நீங்கிவிடுவதில்லை.

வணிக நிறுவன, அலுவலக ஊழியர்களுக்கெனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1930-இல் ஏற்ற 30-ஆம் உடன்படிக்கை, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்து, விதிவிலக்காக அனுமதிக்கப்படும் கூடுதல் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு ஊதியம் தர வேண்டும் என்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் இது வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. இந்தியாவில் 2025 வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரு மடங்கு என்று வகுத்திருந்தது. முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்பது அந்த உடன்படிக்கையின் விளக்கம். ஆகவே, 'ஃபைல் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்' என்ற வாதம் எளிதில் எடுபடாது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்போருக்கு விலக்களிக்க இதே உடன்படிக்கை இடம் தருகிறது; வம்பு தொடங்குவதும் அங்கேதான். என்னிடம் வந்த ஒருவரின் நியமன ஆணையில் 'மேனேஜர்' என்றிருந்தது. அவருக்குக் கீழே ஒருவரும் இல்லை. அரைநாள் விடுப்புக்கும் அனுமதி கேட்க வேண்டிய நிலை. இத்தகைய வழக்குகளில் இந்திய நீதிமன்றங்களும் அமெரிக்க நீதிமன்றங்களும் பதவிப் பெயரைவிட, அன்றாடம் செய்த வேலையையே முதன்மையாகப் பார்க்கின்றன.

அவருடைய வருகைப் பதிவேட்டில் மாதக்கணக்கில், நாள் தவறாமல், சரியாக ஆறு மணிக்கு வெளியேறியதாகக் குறிப்பு இருந்தது. மனிதர்கள் யாரும் அவ்வளவு கச்சிதமாக வீடு திரும்புவதில்லை. அதே நாள்களில் இரவு ஒன்பதே முக்காலுக்கு அலுவலகக் கணினியிலிருந்து அவர் அனுப்பிய மின்னஞ்சல்களே எங்களுக்குக் கைகொடுத்தன. வேலை நேரத்தை அளக்க நம்பகமான ஏற்பாட்டை முதலாளியே செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் கூறியிருந்தாலும், வந்த நேரமும் போன நேரமும் எழுதிய சொந்தக் குறிப்பேடு ஒன்றை ஊழியர் அன்றன்றே வைத்திருப்பது நல்லது.

காலவரம்பும் உண்டு. வேலையை விட்டபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்ததில், பழைய மாதங்கள் பலவற்றின் பாக்கி காலாவதியாகிவிட்டது. போதாததற்கு, 'இனி எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை' என்ற இறுதிக் கணக்குத் தாளிலும் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டிருந்தார்.