துடிப்பு சீரானது, மரணம் கூடியது

மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலர், சில மாதங்கள் கழித்துத் திடீரென்று இறந்துபோவார்கள். நடமாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிவார். இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். 1970களில் இதய மருத்துவர்களை மிகவும் வாட்டிய மரணம் இதுதான். இது யாருக்கு நேரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் தடுத்துவிடலாமே என்று ஏங்கினார்கள்.

துப்பு ஒன்று கிடைத்தது. ஹோல்டர் கருவியை உடம்பில் மாட்டி 24 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தபோது, வழக்கமான துடிப்புகளுக்கு இடையே கீழறையிலிருந்து முந்திக்கொண்டு கிளம்பும் அதிகப்படித் துடிப்புகள் தெரிந்தன. மாரடைப்பு வந்தவர்களில் இந்த அதிகப்படித் துடிப்பு கூடுதலாக இருந்தவர்கள்தான் கூடுதலாக இறந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் இதை உறுதி செய்தன. அதிகப்படித் துடிப்பு ஆபத்தின் அறிகுறி; மாத்திரை கொடுத்து அதை அடக்கினால் ஆபத்தும் அடங்கும். கேட்டால் யாருக்கும் சரியென்றுதான் படும். அன்றைய தலைசிறந்த மருத்துவர்களுக்கும் அப்படித்தான் பட்டது.

அடக்கும் மாத்திரைகளும் வந்தன. ஃப்ளெகெய்னைடுக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1985இல் அனுமதி தந்தது, என்கெய்னைடுக்கு 1986இல். இரண்டும் அதிகப்படித் துடிப்பை அபாரமாக அடக்கின. மாத்திரைக்கு முன் ஒரு ஹோல்டர், பின் ஒரு ஹோல்டர் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மருத்துவருக்கும் நிம்மதி, நோயாளிக்கும் நிம்மதி. இந்த மாத்திரையால் ஆயுள் கூடுகிறதா என்பதை மட்டும் அதுவரை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அதை எண்ணுவதற்காகத்தான் அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் 1987இல் 'காஸ்ட்' என்ற ஆய்வைத் தொடங்கியது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. மருந்து வேலை செய்வது கண்கூடாகத் தெரியும்போது பாதி நோயாளிகளுக்கு வெற்று மாத்திரை கொடுப்பது தர்மமா என்று கேட்டார்கள். நோயாளியின் மீது அக்கறை உள்ளவர்கள் கேட்ட நேர்மையான கேள்வி அது. ஆனாலும் ஆய்வைத் தொடங்கியவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். உயிரைக் காப்பாற்றும் என்று சொல்லித் தரப்படும் மருந்து உண்மையில் காப்பாற்றுகிறதா என்று தெரியாமலே எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பதும் ஒரு பரிசோதனைதான். கணக்கு எழுதப்படாத பரிசோதனை.

ஆய்வு அமைந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மாரடைப்பிலிருந்து மீண்ட, அதிகப்படித் துடிப்பு உள்ள நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். முதலில் எல்லோருக்குமே உண்மையான மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கெல்லாம் அதிகப்படித் துடிப்பு குறைந்தபட்சம் 80 சதவீதம் அடங்கியதோ அவர்கள்தான் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நிரூபணமான ஆட்கள் இவர்கள். இவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மறு பகுதியினருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரையைக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது.

குலுக்கல் எதற்கு என்றால், மருத்துவரே தேர்ந்தெடுத்தால் அவரை அறியாமலே உடம்பு தேறியவர்கள் ஒரு பக்கம், நலிந்தவர்கள் மறுபக்கம் என்று சேர்ந்துவிடுவார்கள். குலுக்கலில் வயது, சர்க்கரை நோய், இதயத்தின் பலம், இன்னும் நம் கணக்கில் வராத காரணங்கள் எல்லாமே இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழும். மிஞ்சும் வேறுபாடு மாத்திரை ஒன்றுதான்.

இந்த மருந்து தீங்கு செய்யக்கூடும் என்று அநேகமாக யாருக்கும் தோன்றவில்லை. எந்த அளவுக்கு என்றால், முதல் திட்டத்தின் புள்ளியியல் சோதனை நன்மையை மட்டுமே தேடும் ஒருபக்கச் சோதனையாக இருந்தது. தனியாக அமைந்த கண்காணிப்புக் குழு அதை ஏற்கவில்லை. தீங்கு தெரிந்தாலும் ஆய்வை நிறுத்தச் சொல்லும் எல்லைக்கோடு ஒன்றையும் வகுத்தது. எந்தக் குழு மருந்துக் குழு என்று தெரியாமல், குறியீட்டுப் பெயர்களின் கீழ் மரணங்களைப் பார்த்துவந்தது.

1989 ஏப்ரலில், முடிக்க வேண்டிய காலத்துக்கு வெகு முன்பே, இந்த இரண்டு மருந்துகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 1991இல் வெளியான முழுக் கணக்கின்படி மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். சராசரியாகப் பத்தே மாதங்களில் இந்த வித்தியாசம். மருந்து எந்த மரணத்தைத் தடுக்கும் என்று நம்பினார்களோ, அந்தத் துடிப்புக் கோளாறு மரணமே 43க்கு 16 என்ற கணக்கில் கூடியிருந்தது. ஆய்வில் இவற்றோடு சேர்ந்திருந்த மூன்றாவது மருந்தான மோரிசிசினை மட்டும் விடாமல் சோதித்தார்கள். அதன் முதல் இரண்டு வாரங்களிலேயே மருந்து எடுத்த 665 பேரில் 17 பேர் இறந்தோ இதயம் நின்றோ போனார்கள். எடுக்காத 660 பேரில் 3 பேர். அதுவும் 1991இல் நின்றது.

துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்து எப்படிக் கொன்றது? இதயத்தில் மின்குறிப்பு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போவது, செல் சுவரில் உள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால். இந்த மருந்துகள் அந்த வாயில்களை அடைக்கின்றன. எரிச்சலுற்ற செல்கள் தானாகக் குறிப்பு கிளப்புவது அதனால் குறைகிறது. ஹோல்டர் பதிவு அழகாகிறது. ஆனால் அதே அடைப்பு, கீழறைத் தசை முழுவதிலும் குறிப்பின் வேகத்தைக் குறைக்கிறது.

நல்ல இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். மாரடைப்பு வந்த இதயத்தில் செத்த தசை வடுவாகிக் கிடக்கும். வடுவின் ஓரத்தில் பிழைத்த மெல்லிய தசையிழைகளில் குறிப்பு ஏற்கெனவே தள்ளாடித்தான் போகும். ஒரு செல் ஒருமுறை தூண்டப்பட்டால், ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஓய்வில் இருக்கும். அப்போது வேறு குறிப்பு வந்தாலும் ஏற்காது. வடுவைச் சுற்றிக்கொண்டு வரும் குறிப்பு வேகமாக வந்துவிட்டால், புறப்பட்ட இடத்துச் செல்கள் இன்னும் ஓய்வில் இருக்கும், குறிப்பு அங்கேயே அணைந்துவிடும். மருந்து அதை மெதுவாக்கினால்? திரும்பி வருவதற்குள் செல்கள் ஓய்வு முடிந்து தயாராக இருக்கும். மறுபடி தூண்டப்படும், மறுபடி சுற்றும். சுற்று நிற்காமல் ஓட ஆரம்பித்தால், கீழறை தறிகெட்டுத் துடித்து, கடைசியில் வெறும் நடுக்கமாகிவிடும். ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் இந்த விளைவு இன்னும் மோசம்.

ஆயிரக்கணக்கில் எழுதிக்கொடுத்த மருத்துவர்கள் ஏன் கவனிக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மருந்தில் 20 நோயாளிகளை வைத்திருக்கும் ஒருவர், பத்து மாதத்தில் ஒரு மரணத்தையோ இரண்டு மரணங்களையோ பார்ப்பார். மருந்து இல்லாவிட்டாலும் ஒருவர் இறந்திருக்கக்கூடும். மாரடைப்பு வந்தவர் திடீரென இறந்தால் நோய் கொண்டுபோனது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஒரு தனி மனிதரின் கண்ணுக்கு இந்த வித்தியாசம் அகப்படாது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அதே காலத்தில் இருந்தது. பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த ப்ரொப்ரனலால், அதிகப்படித் துடிப்பை அடக்குவதில் இவற்றின் அருகில்கூட வராது. ஆனால் 3,837 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு, மாரடைப்புக்குப் பிந்தைய மரணத்தை அது 9.8 சதவீதத்திலிருந்து 7.2 சதவீதமாகக் குறைப்பதை 1982இலேயே காட்டிவிட்டது.

இன்னொரு விஷயம் மனதை அதிகம் உறுத்துகிறது. 1980வாக்கில் பிரிட்டனின் நாட்டிங்காமில், ஃப்ளெகெய்னைடு வகையைச் சேர்ந்த லார்கெய்னைடு என்ற மருந்தை மாரடைப்பு வந்த சுமார் நூறு பேரிடம் சோதித்தார்கள். மருந்துக் குழுவில் 9 பேர் இறந்தார்கள், மற்றதில் ஒருவர். தற்செயலாக இருக்கும் என்று அப்போது நினைத்தார்கள். வணிகக் காரணங்களுக்காக மருந்தே கைவிடப்பட்டதால் முடிவும் வெளிவராமல் கிடந்தது. 1993இல் அந்த ஆய்வாளர்களே அதை வெளியிட்டு, முன்பே சொல்லியிருந்தால் எச்சரிக்கையாக இருந்திருக்கக்கூடும் என்று எழுதினார்கள். அவர்கள் செய்ததில் மிகப் பெரிய நேர்மை இருக்கிறது. காஸ்ட் ஆய்வுக்கு முன் அந்தப் பத்து மரணங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது.

என்கெய்னைடு 1991இல் சந்தையை விட்டுப் போனது. ஃப்ளெகெய்னைடு இன்றும் இருக்கிறது; வடு இல்லாத, அமைப்புக் கோளாறு இல்லாத இதயத்தில் மேலறைத் துடிப்புக் கோளாறுக்கு நன்றாகவே பயன்படுகிறது. மருந்துப் பரிசோதனைகளைத் தொடங்கும் முன்பே பொதுவில் பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கை நாட்டிங்காம் போன்ற அனுபவங்களால் வலுப்பெற்றது. இந்தியாவில் அதற்கான பதிவேடு 2007இல் வந்தது, 2009 முதல் பதிவு கட்டாயம். ஒரு மருந்தின் பெயரையோ நோயின் பெயரையோ கொடுத்து, எங்கெங்கே சோதனை நடக்கிறது என்று யாரும் அதில் தேடிப் பார்க்கலாம். பதிவான சோதனைகள் எல்லாவற்றின் முடிவுகளும் வெளிவந்துவிடுகின்றனவா என்றால், இல்லை. உலகம் முழுக்கவே அதற்கான போராட்டம் இன்னும் நடக்கிறது.