கொம்போடு எடுங்கள்: பச்சை மர மலைப்பாம்பு வளர்ப்பவர்களுக்கு

பிள்ளையார் நோன்பு முடிந்து இரண்டாம் நாள். காரைக்குடியில் என் கிளினிக்கிற்கு ஒரு கல்லூரிப் பையனும் அவனுடைய அப்பத்தாவும் வந்தார்கள். பையன் கையில் ஒரு துணிப்பை. உள்ளே ஒன்றரை வயதுப் பச்சை மர மலைப்பாம்பு.

"தின்ன எலிய அப்படியே கக்கிருச்சு டாக்டர்."

என்ன நடந்தது என்று கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி முந்திக்கொண்டார். "நோன்புக்கு வந்த சனம் பூராம் ஆளுக்கொரு தடவை தூக்கிப் போட்டோ எடுத்துச்சுக தம்பி. தின்ன பிள்ளையப் போட்டுக் குலுக்காதீகன்னு நாந்தான் கத்துனேன்."

நோயின் காரணத்தை ஆச்சியே சொல்லிவிட்டார். நான் எழுத வேண்டியது மிச்சத்தைத்தான். இரை எடுத்த பாம்பை அடுத்த மூன்று நாளாவது தொடக்கூடாது. வயிற்றில் பாரம் இருக்கும்போது பயந்தால் இரையைக் கக்கிவிட்டுத் தப்பப் பார்ப்பது பாம்பின் இயல்பு. கக்கிய பிறகு பசிக்குமே என்று மறுநாளே இன்னொரு எலி கொடுப்பது அடுத்த தப்பு. செரிமான நீரும் சேர்ந்து வெளியே போயிருக்கும். பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு வழக்கமான அளவில் பாதி இரை. மறுபடியும் கக்கினால் மருத்துவரிடம் வந்தே ஆக வேண்டும்.

நான் பெரும்பாலும் ஆடு, மாடு, நாய் பார்ப்பவன். சில வருடங்களாகத்தான் பால் பைத்தான் (பயந்தால் பந்துபோலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு), இகுவானா (பெரிய பல்லி இனம்) எல்லாம் வரத் தொடங்கின. இப்போது வளர்ப்பவர்கள் 'ஜிடிபி' (கிரீன் ட்ரீ பைத்தான்) என்று செல்லமாகச் சொல்லும் இந்தப் பச்சைக்காரர். அழகில் குறையே சொல்ல முடியாது. சுருட்டிய கயிறைக் கொம்பின் இரு பக்கமும் தொங்கவிட்டது போல உடம்பை மடித்து, நடுவில் தலையை வைத்துக்கொண்டு பகல் முழுக்க அசையாமல் இருக்கும். நம் வேலியில் பார்க்கும் பச்சைப்பாம்புக்கும் (கண்ணைக் கொத்தும் என்று பாவம் கெட்ட பெயர் வாங்கிய அதே கண்கொத்திதான்) இதற்கும் நிறத்தைத் தவிர உறவில்லை. அது சுண்டுவிரல் பருமன், கூர்மூக்கு, கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். இது தடித்த உடம்பு, கண்மணி நெட்டுக்குத்து, உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள். ஊர், நியூ கினியும் அதை ஒட்டிய தீவுகளும் ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் முனையும். விஷம் கிடையாது. ஐந்தடி, சிலது ஆறடி வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். பையன் கல்யாணமாகி வெளிநாடு போன பிறகும் வீட்டில் இருக்கப்போவது இதுதான் என்று அந்த ஆச்சியிடம் சொன்னேன். "அப்ப எனக்குத்தானா?" என்றார்.

என்னிடம் வரும் ஜிடிபிகளில் பாதிக்கு மேல் நோயால் வந்தவை அல்ல, பிரியத்தால் வந்தவை. நாயைக் கொஞ்சுவது போல இதைக் கொஞ்சுகிறார்கள். பால் பைத்தானைக் கழுத்தில் போட்டுப் பழகியவர்கள் இதையும் கழுத்தில் போடப் பார்க்கிறார்கள். மரத்தில் வாழும் இந்தப் பாம்புக்குப் பிடிமானம்தான் உயிர். கொம்பைச் சுற்றியிருக்கும் உடம்பைப் பிய்த்து எடுத்தால் அது இன்னும் இறுக்கும். நீங்கள் இன்னும் இழுப்பீர்கள். இந்த இழுபறியில் தோற்பது அதன் முதுகெலும்பு. குட்டிகளின் வாலெலும்பு தீக்குச்சியை விட மெல்லியது. ஆணா பெண்ணா என்று பார்க்கிறேன் என்று விற்பவரே வாலடியில் கம்பி விட்டுப் பார்த்து, வால் கோணிப்போன குட்டி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோணல் நிமிராது. குட்டியில் யாரையும் பால் பார்க்க விடாதீர்கள். ஒரு வயது, ஒன்றரை வயது தாண்டட்டும்.

வேறு வழி என்ன? கொம்பையே கழற்றி எடுக்கிற மாதிரி கூண்டைச் செய்யுங்கள். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் கவட்டை மாதிரி பிடிப்பு வைத்து, அதன் மேல் கொம்பைக் கிடத்தினால் போதும். கூண்டைக் கழுவ வேண்டுமா, எடை பார்க்க வேண்டுமா, என்னிடம் கொண்டுவர வேண்டுமா, கொம்போடு தூக்குங்கள். பாம்புக்குத் தான் இடம் மாறியதே தெரியாது. கொம்பின் பருமன் பாம்பின் நடு உடம்பின் பருமனுக்குச் சமமாக இருக்கட்டும். தடிமன் மாற்றி இரண்டு மூன்று கொம்புகள், உயரம் மாற்றி, படுக்கைவாட்டில். கூண்டு நெட்டையாக இருப்பதைவிட அகலமாக இருப்பது இதற்கு உபயோகம். வளர்ந்த பாம்புக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும்.

கொம்பிலிருந்து இறக்கியே ஆக வேண்டுமென்றால் பகலில் செய்யுங்கள். முதலில் பாம்பு தூக்கும் கொக்கியால் உடம்பை லேசாகத் தொட்டு, இது இரை இல்லை என்று தெரிய விடுங்கள். பிறகு வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மடிப்பாகத் தளர்த்துங்கள். தலைக்கு நேரே கை போகவே கூடாது. விளக்கு வைத்த பிறகு கூண்டுக்குள் கையை விடாதீர்கள். அந்த நேரத்தில் அது தலையைக் கீழே தொங்கவிட்டு, கழுத்தை எஸ் மாதிரி வளைத்து வேட்டைக்குக் காத்திருக்கும். உங்கள் கை அதற்குச் சூடான ஒரு உருவம், அவ்வளவுதான். கடித்தால் விஷம் இல்லை. ஆனால் முன்பற்கள் நீளம். கையை உதறி இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். அசையாமல் இருங்கள், விடவில்லை என்றால் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். விட்டதும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, தையல் வேண்டுமா, டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒடிந்த பல் உள்ளே தங்கியிருக்கவும் கூடும். கடிக்காவிட்டாலும் பாம்பைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதும் வேண்டாம்.

இனி நம் ஊர் வெயில். இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள். எப்படிச் சூடேற்றுவது என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். நமக்கோ சித்திரையில் எப்படித் தணிப்பது என்பதுதான் கேள்வி. கூண்டின் ஒரு மூலை 30 டிகிரி, எதிர் மூலை 25 டிகிரி, இரவில் 23, 24. இதுதான் அதற்குச் சுகம். 33ஐத் தாண்டினால் வாயைத் திறந்து தவிக்க ஆரம்பிக்கும். மாடி அறையில் அக்னி நட்சத்திரத்தின்போது கூண்டை வைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம். சிலர் ஏசி போட்டு 20 டிகிரியில் விடுகிறார்கள். அந்தக் காற்று காய்ந்து, சட்டை உரிக்க முடியாமல் துண்டு துண்டாகத் தொங்கும்.

நான் பார்த்ததில் நம் பழைய வீடுகளின் இரண்டாங்கட்டு உள்ளறைகள்தான் இதற்குப் பொருத்தம். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே மாடி இருப்பதால் நேரடி வெயில் இல்லை. வெளியே நாற்பதைத் தொடும்போதும் உள்ளே சமாளித்துக்கொள்ளலாம். முகப்பில் வைக்காதீர்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் கண்ணாடியைத் தட்டுவார்கள். மழைக்காலத்தில் சூடு தேவைப்பட்டால் மேலிருந்து வரட்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த பல்பும் வேண்டாம்.

மழைக்காட்டுப் பாம்பு என்று கேள்விப்பட்டு மூன்று வேளையும் தண்ணீர் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். காட்டில் மழை பெய்யும், பிறகு காற்றில் காயும். அப்படிக் காயவிடாமல் எந்நேரமும் நசநசவென்று வைத்தால் வயிற்றுச் செதில் அழுகும், நெஞ்சில் சளி கட்டும். சாயங்காலம் ஒருமுறை தாராளமாகத் தெளியுங்கள், மறுநாள் உச்சிக்குள் காய்ந்துவிட வேண்டும். தன் மடிப்புகளில் தேங்கும் துளிகளை அது குடிக்கும் அழகைத் தனியாகப் பார்க்க வேண்டும். கீழே செய்தித்தாள் விரியுங்கள். தேங்காய் நார்த்தூள் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். செய்தித்தாளில் கழிவு தெரியும். எனக்கு வேண்டியது கழிவுதான்.

ஏனென்றால் இந்த இனத்தின் பெரிய வினை மலச்சிக்கலும், அதைத் தொடர்ந்து குடல் வெளியே தள்ளுவதும். நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்காரும் பிராணி. அதற்கு வாரம் இரண்டு எலி கொடுத்தால் எங்கே போகும்? குட்டிக்குப் பத்து நாளைக்கு ஒன்று, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். எலி, பாம்பின் தடித்த இடத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. உறையவைத்து, நன்றாக உருக்கி, வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். உயிரெலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கும். சுவரில் போகிற பல்லியைப் பிடித்துப் போடாதீர்கள், ஒட்டுண்ணி வரும். வால்புறம் சிவப்பாகச் சதை பிதுங்கியிருந்தால் விரலால் உள்ளே தள்ள வேண்டாம். சுத்தமான துணியை சலைனில் நனைத்து மூடி, காயவிடாமல் உடனே கொண்டுவாருங்கள். அதைப் போலவே, தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். புதிதாக வாங்கியதை மற்றவற்றோடு சேர்க்காமல் மூன்று மாதம் தனியறையில் வையுங்கள். மூச்சுக்குழாயைத் தாக்கும் ஒரு வைரஸ் இந்த இனத்தில் இருக்கிறது, மருந்து கிடையாது.

ஒன்று மட்டும் பயப்பட வேண்டாதது. குட்டி பிறக்கும்போது மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோதான் இருக்கும். அரை மீட்டர் நீளம் தாண்டும் சமயத்தில் பச்சை ஏறும். "மஞ்சளுக்குக் காசு கொடுத்தேன், பாசி பிடிக்குது" என்று ஒருவர் என்னிடம் வந்தார்.

காசு என்றதும் பதிவுக் காகிதம் ஞாபகம் வருகிறது. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. நமக்குப் பக்கத்து விமான நிலையம். 'கேப்டிவ் பிரீட்' (வளர்ப்பில் பிறந்தது) என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். இந்தோனேசியாவில் பண்ணையில் பிறந்தவை என்று ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடித்தவை என்று 2011இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மலைப்பாம்பு இனங்கள் எல்லாம் சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் வனவுயிர்ச் சட்டத் திருத்தத்தின் நான்காம் அட்டவணை அவற்றை உள்ளடக்கியது. 2024இல் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கைமாறினாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் அந்தப் பதிவு இல்லையென்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். நம் நாட்டு மலைப்பாம்பையோ மண்ணுளியையோ வீட்டில் வைப்பது நேரடிக் குற்றம். வளர்க்க முடியவில்லை என்று கண்மாய்க்கரையில் எதையும் விட்டுவிடாதீர்கள், வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பையனிடம் பதிவு இருந்தது. இரை கொடுத்த தேதி, கழிந்த தேதி எதுவும் இல்லை. "நோட்டுப் போடுப்பா" என்றேன். நோட்டுப் போட்டது ஆச்சி. நோட்டில் அல்ல, தினசரி காலண்டர் தாளில். பால் கணக்குக்குக் கீழே 'பச்சைக்கு எலி 1' என்று இருக்கும். கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருப்பார். மாசி மாதம் ஒருநாள் அவரே போன் செய்தார்: "தம்பி, ரெண்டு எலி தின்னுருக்கு, இருபத்தாறு நாளா ஒண்ணும் வரலை." பையனுக்கு அது தெரியவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் விரற்கடை ஆழத்துக்கு வைத்த டப்பாவில் அரைமணி நேரம் விட்டு, பிறகு சாயங்காலம் கொம்புகளை இடம் மாற்றி வைத்து அதை ஊர விடச் சொன்னேன்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் காலண்டர் தாளின் படம் ஒன்று வந்தது. ஆச்சியின் கையெழுத்தில் இரண்டே சொல்: 'பச்சை போச்சு.'

அவசரமாகப் போன் போட்டேன். "அய்ய, அது இல்ல தம்பி," என்று சிரித்தார் ஆச்சி, "வெளிக்குப் போச்சு."